வேலந்தாவளத்தில் ஓர் எஸ்

லாரி ஏறினால் எடைமேடைக் கூண்டின் தரை அதிரும்.
மேசையில் ரசீதுப் புத்தகம். அதனடியில்
பரீட்சைக்கு வாங்கிய இங்கிலீஷ் கைடு,
பக்கம் முப்பத்தொன்று.
நாலு வாரமாக முப்பத்தொன்று.

ஐ கம். யூ கம். வீ கம். தே கம்.
இதுவரை சிரமமில்லை.
வினைச்சொல் காலி எடையில் ஓடுகிறது.
ஹீ ஏறியதும் ஓர் எஸ் கூடிவிடுகிறது.
ஷீக்கும் அதேதான். இட்டுக்கும்.
ஆண், பெண், வெங்காய மூட்டை,
மூன்றுக்கும் ஒரே வால்.

"இதிலெந்தா இத்ர கஷ்டம்?" என்கிறாள் ரஜிதா.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு அவளுக்கு.
அவள் பாஷையில் நானும் வருன்னு, நீயும் வருன்னு,
அவனும் வருன்னு.
எங்களுக்கோ
வர்றேன், வர்றே, வர்றான், வர்றா, வர்றாங்க, வருது.
கதவைத் திறக்காமலே தெரிந்துவிடும்
வெளியே நிற்பது மாமனா, மாமியா,
கோழி வண்டியா என்று.

இங்கிலீஷ் செக்போஸ்ட்காரன் மாதிரி.
எல்லாரையும் போகச் சொல்லிவிட்டு
ஒருத்தனை மட்டும் ஓரங்கட்டுகிறது.
அவன் நானாக இருக்கக் கூடாது,
நீயாகவும் இருக்கக் கூடாது,
தனி ஆளாக இருக்க வேண்டும்.
அதாவது, இந்தக் கூண்டில் இல்லாதவன்.

கோவுக்கு இ.எஸ். பாஸுக்கும் இ.எஸ்.
கேரியில் ஒய் கழன்று ஐ மாட்டும்.
ஹேவ் மட்டும் யார் பேச்சும் கேட்காமல் ஹேஸ்.
கேன்சலான ரசீதுகளின் முதுகில் எழுதிப் பழகுகிறேன்.
த லாரி கேரீஸ் டொமாட்டோஸ்.
தக்காளியில் எஸ் இருந்தால் நிறைய,
வினையில் எஸ் இருந்தால் ஒன்றே ஒன்று.
இதை எவன் யோசித்தான்?

நிகழ்காலம் என்று பேர்தான்.
இந்த நிமிஷம் நடப்பதற்கு வேறு ஆள் இருக்கிறதாம்.
இது வழக்கமாக நடப்பதற்கு.
தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதற்கு.
சென்னியப்பன் கம்ஸ் ஆன் டியூஸ்டேஸ்.
ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய்,
எப்போதும் வழுக்கையான ஒரு பின்டயர்,
"ஏழு ரூவா அடுத்த வாரம் தர்றனுங்க."
நாலு செவ்வாய் போய்விட்டது.
வாக்கியத்தில் இன்னும் பிழை இல்லை.

கேள்வியாக்கினால்தான் வினோதம்.
டஸ் ஹீ கம்?
எஸ் கம்மிலிருந்து குதித்து
முன்னால் டூவில் தொற்றிக்கொள்கிறது.
இல்லை என்று சொன்னாலும் அப்படியே.
ஹீ டஸ் நாட்
வரை எழுதிவிட்டேன்.
பேனா மசி இருக்கிறது.

ரஜிதா ரசீதைத் திருப்பிப் படித்தாள்.
எஸ்ஸெல்லாம் சரி என்றாள்.
யார் என்று கேட்கவில்லை.
அவள் பாஷையில் வினைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

தரை அதிர்கிறது.
இரண்டு பேரும் எட்டிப் பார்க்கிறோம்.
வீ லுக்.
எஸ் வேண்டாம்.