முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

குத்தாயிசியில் பனி ஈரமாகத்தான் விழும்,
தரையைத் தொடும் முன்பே மனம் மாறிவிடும்.
டிப்போ முற்றத்தில் கடைசி மினிபஸ்ஸும் அணைந்த பிறகு
நானும் ஹீட்டரும் என் நிரலும்.

முதல் நிரல். சி மொழி.
மெயின் என்ற ஒரே அறைக்குள்
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்:
சமைப்பதும் அங்கே, தூங்குவதும் அங்கே,
செருப்பைக் கழற்றுவதும் அங்கே.
ஆனாலும் ஓடியது.
ஓடுகிற வண்டியின் பானட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்?

புத்தகம் பழையது, ரஷ்ய மொழி, அட்டை கிடையாது.
ஐந்தாம் அத்தியாயத்தில் எவனோ ஒயினைக் கொட்டியதில்
பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன.
செயற்கூறுகள் என்ற தலைப்பு மட்டும் தெரிந்தது.
தாண்டி ஆறுக்குப் போனேன்.
அதனால்தான் கட்டணக் கணக்கை
ஏழு தடங்களுக்கும் ஏழு முறை
நகலெடுத்து ஒட்டினேன்.

டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை:
ஓய்வூதியக்காரர்களுக்குப் பாதிக் கட்டணம்.
இரண்டு லரி ஒரு லரியானது.
ஆறு இடங்களில் திருத்தினேன்.
ஏழாவது, இருநூற்று நாற்பத்தோராம் வரி,
ட்ஸ்கால்டுபோ தடம்,
பழைய விலையையே சொல்லிக்கொண்டிருந்தது
ஒன்பது நாள்.

ஒன்பது நாளும் கோச்சாவின் பையில் பணம் குறைந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்டினான்,
நாற்பத்து மூன்று லரி.
பத்தாம் நாள், கண்ணாடித் துவாரத்தின் வழியே,
என் தோளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துக் கேட்டான்:
"லமாரா, நான் ஒரே நோட்டை இரண்டு முறை எண்ணுகிறேனோ?
அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது."

அன்றிரவு கெட்டிலின் ஆவியில் பிடித்து
ஐந்தாம் அத்தியாயத்தைப் பிரித்தேன்.
சிவந்த ஓரங்களோடு ஒவ்வொரு பக்கமாக வந்தது.

ஏழையும் அழித்து ஒன்று எழுதினேன்.
கட்டணம் என்று பெயர் வைத்தேன்.
தூரத்தையும் வயதையும் கொடுத்தால் விலையைத் தரும்.
வேறெதையும் அதனிடம் கேட்கக் கூடாது.
சீட்டின் தலைப்பை அச்சிட இன்னொன்று,
அது எதையும் திருப்பித் தராது, வாய்ட்.
தராததில் அதற்கு வெட்கமும் இல்லை.

கீழே எழுதியதை மேலே அழைத்தேன்.
"யார் இது?" என்றது கம்பைலர்.
நியாயம்தான்.
உச்சியில் ஒரே வரியில் அறிமுகம் வைத்தேன்:
தருவது, பெயர், வாங்குவது, ஓர் அரைப்புள்ளி.
எப்படிச் செய்யும் என்பதெல்லாம் பிறகு.

தடுக்கி விழுந்தது இங்கேதான்:
நாள் மொத்தத்தை ஒரு செயற்கூறுக்குள் அனுப்பி
பாக்கியைக் கழிக்கச் சொன்னேன்.
உள்ளே கழிந்தது.
வெளியே வந்து பார்த்தால் மொத்தம் அசையவேயில்லை.
போனது நகல்தானாம்.
உள்ளே எவ்வளவு அடித்துத் திருத்தினாலும்
அசலுக்கு ஒன்றும் தெரியாது.
விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும்,
வெளியே ஒரு கை நீண்டு அதைப் பிடிக்கவும் வேண்டும்.
இரவு இரண்டு மணி.
பத்து மணியிலிருந்து மனசுக்குள்ளேயே
நான் கோச்சாவிடம் கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு
நினைவுக்கு வந்தது.

நாலரைக்கு மெயின் பத்தொன்பது வரி.
நாளைத் திற. தடந்தோறும் வசூலைக் கேள்.
ஒப்பிடு. அச்சிடு. மூடு.
வாசலில் நின்றாலே வீடு முழுக்கத் தெரிந்தது.

ஆறு மணிக்கு அவன் சாவி வாங்க வந்தான்.
துவாரத்தின் வழியே தராமல்
வெளியே போய் உறையை நீட்டினேன்.
"தப்பு உன் கையில் இல்லை,
என் இருநூற்று நாற்பத்தொன்றில்."
புரிந்ததா, தெரியாது.
கையுறையைக் கழற்றினான்.
பானட்டின் ஈரத்தை முழங்கையால் துடைத்து
ஒவ்வொரு நோட்டாக வைத்தான்.
நாற்பத்து மூன்று.
அள்ளி மறுபடி, முதலிலிருந்து.
நாற்பத்து மூன்று.

ட்ஸ்கால்டுபோவுக்குப் போகிறவர்கள்
உள்ளே உட்கார்ந்து ஜன்னலைத் தட்டினார்கள்.
அவன் மூன்றாம் முறை எண்ண ஆரம்பித்தான்,
இந்த முறை சத்தமாக.