உள்ள எடம் இருக்கு

விசிலைக் கழற்றி வைத்தேன்.
வெள்ளி அரைஞாண்தான் வரமாட்டேன் என்றது.
வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டர் மறைப்புக்குள்
மைத்துனன் சங்கரபாண்டி குனிந்து
பல்லால் கடித்து முடிச்சை இளக்கினான்.
இடுப்பைச் சுற்றி ஒரு வெளுத்த வளையம்.
இருவரும் பார்த்தோம். பேசவில்லை.

"காசு, சாவி, பல்செட்டு?
உடம்புக்குள்ள இரும்பு ஏதும் உண்டா அண்ணாச்சி?"
முப்பத்தோரு வருசம்
சில்லறையில் கறுத்த விரல்களை
விரித்துக் காட்டினேன்.

அந்தக் கையில் ஒரு ரப்பர் பந்து தந்தாள்.
முடியலைன்னா அமுக்கணுமாம்.
பழைய வண்டியின் ஹாரன்தான்,
சத்தம் மட்டும் இல்லை.
முகத்துக்கு மேல் கூண்டைப் பூட்டினாள்.
பலகை நகர்ந்தது.

உள்ள போங்க, உள்ள போங்க.
படியில நிக்காதிய.
உள்ள எடம் இருக்குல்லா.

என் குரல்தான் அது.

மூக்குக்கும் கூரைக்கும் நாலு விரல்.
பின் கண்ணாடி கழன்ற பாபநாசம் வண்டியாய்
மிஷின் கடகடக்கிறது.
இருபத்தைந்து நிமிசம் அசையாமல் கிடக்க
எனக்குத் தெரிந்த வழி ஸ்டாப்பு சொல்வதுதான்.
மேலப்பாளையம்.
முன்னீர்பள்ளம்.
தருவையில் ஒரு நமைச்சல்
மூக்கு நுனியில் ஏறிக்கொண்டது;
டிக்கெட்டும் எடுக்கவில்லை,
கோபாலசமுத்திரத்தில் இறங்கவும் இல்லை.

மேலச்செவல் தாண்டித்தான் அவர் வந்தார்.

ஒரு முகூர்த்த நாள், நூறு பேருக்கு மேல்.
நடுவில் நசுங்கிக்கொண்டு தகரத்தைத் தட்டினார்.
"எறக்கி விடுங்கய்யா, நெஞ்ச அடைக்கு."
"பத்தமடையிலதான் நிக்கும்.
ஒம்ம மாமனார் வீட்டு வண்டியாவே இது?"
வண்டியே சிரித்தது.
நானும்.
பத்தமடையில் இறங்கினாரா, பார்க்கவில்லை.
டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்த
மீதி ரெண்டு ரூபாயை
அவர் கேட்டு வாங்கவே இல்லை.

அமுக்கிவிட்டேன்.

உடனே நின்றது.
ஸ்டாப்பே இல்லாத இடத்தில்.

கூண்டைத் திறந்தாள்.
கிருபாவதி என்று நெஞ்சில் எழுதியிருந்தது.
அவள் சிரிக்கவில்லை.
"என்ன செய்யுது அண்ணாச்சி?"
மூக்கு நமைக்கிறது என்றேன்,
வேறு எதைச் சொல்ல.
பஞ்சு வைத்துத் துடைத்து, சொறிந்தும் விட்டாள்.

"படம் அசஞ்சிட்டு.
திரும்ப மொதல்லேருந்து எடுக்கணும்.
போலாமா?"

போகலாம் என்றால் ரெண்டு விசில்.
வாயில் விசில் இல்லை.
ரெண்டு தரம் கண்ணை மூடித் திறந்தேன்.

மேலப்பாளையம். முன்னீர்பள்ளம்.
தட்டுவது மிஷினா, அந்த ஆளா,
இந்தத் தடவை பிரிக்க முடியவில்லை.
மேலச்செவல் தாண்டி
வயலுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னேன்.
தள்ளாடிப் படியிறங்கி
கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

சில்லறை எல்லாம்
வெளியே
சங்கரபாண்டியிடம் இருந்தது.