பில்

சலவை இயந்திரத்தில் போடும் முன்
தர்வினின் ஜீன்ஸ் பையைத் துழாவினேன்.
ஒரு பாட் நாணயம்,
நாலாக மடித்த பில்.

ஆயர் ஈத்தாம் மினி மார்க்கெட்டில்
பதினோரு வருஷமாகக் கல்லாவில் நிற்கிறேன்.
பில் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.
மேலே பச்சை இலை முத்திரை.
கஞ்சா மிட்டாய், எண்ணிக்கை இரண்டு,
முந்நூற்று அறுபது பாட், வரி உட்பட.
கீழே பொடி எழுத்தில்
இருபது வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்.
அதற்கும் கீழே
நன்றி, மீண்டும் வருக.

அவனுக்குப் பதினாறு.

"அங்க அது தப்பில்லம்மா."
அங்க என்றால் எவ்வளவு தூரம்?
புக்கிட் காயு ஹீத்தாமில் வரிசை நின்றாலும்
வேனில் நாலு மணி நேரம்.

நேற்றும் சிகரெட் கேட்ட ஒரு பையனிடம்
ஐசி எங்கே என்றேன்.
அண்ணனைக் கூட்டி வந்தான்.
அண்ணன் காட்டினான், வாங்கினான்,
கதவைத் தாண்டியதும் பெட்டி கை மாறியது.
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே
அடுத்தவரின் முட்டைத் தட்டை ஸ்கேன் செய்தேன்.

என் தம்பி குணாளனிடம் பிடிபட்டது
செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.
அதற்கு யாரும் பில் கொடுக்கவில்லை.
மூன்று வருஷம் உள்ளே.
வந்த பிறகும் வெகு நாள்
குப்புறப் படுத்துத்தான் தூங்கினான்.

பில்லை மேசைமேல் நீவி வைத்தேன்.
"அங்க யாருடா ஐசி காட்டினது?"
தர்வின் தரையைப் பார்த்தான்.
இரண்டாவது மிட்டாய் யாருக்கு என்று
நான் கேட்பதற்குள்
கூடத்தில் அவன் அப்பா
டிவி சத்தத்தைக் கூட்டினார்.