இரண்டேகாலிலிருந்து நாலரை வரை

வேலந்தாவளம் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
நின்றதைத்தான் எழுத வேண்டும்.
தேங்காய் மட்டை, கோழித்தீவனம், எம் சாண்ட்,
எதுவானாலும் ஏறிய நேரம், இறங்கிய நேரம்.
ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால்
முதலாளி கூப்பிட்டுக் கேட்பார்.

அதனால்தான் கண்ணில் பட்டது.
எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்
இரண்டு முறை எழுதிக் கொடுத்து
மூன்றாம் முறை பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகு
ஸ்டேப்ளர் அடித்துத் தந்த இருபத்தாறு பக்கம்.
மலையாளம் எனக்குப் பேச வரும், படிக்க வராது.
எண் எந்த ஊரிலும் எண்தானே.
அரைமணிக்கு ஒருமுறை, வயிற்றுக்குள் அவன் நெஞ்சுத்துடிப்பு:
நூற்று நாற்பத்திரண்டு
நூற்று முப்பத்தெட்டு
நூற்றுப் பதினாறு.
பிறகு இரண்டேகாலிலிருந்து நாலரை வரை
கோடு போட்ட கட்டங்கள் மட்டும்.

அந்த நேரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.
கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்.
"குழப்பமில்லா சேச்சி" என்று சொல்லிவிட்டு
போனோடு வெளியே போனாள் ஒரு நர்ஸ்.
அவள் மொழியில் அதற்குப் பயப்படாதே என்று அர்த்தம்.
அதே சொல்லை இப்போது என் மொழியில் வைத்துப் பார்க்கிறேன்.
ஆமாம்.
எனக்கு ஒரு குழப்பமும் இல்லை.

தஸ்லீம் அழாமல் பிறந்தான்.
மூன்று கிலோ நூறு கிராம்.
அதை மட்டும் அழகாக எழுதியிருக்கிறார்கள்.

"அல்லா கொடுத்ததுக்குக் கேஸ் போடுவியா?" என்றார்
என் வீட்டுக்காரர் சிக்கந்தரின் அண்ணன், பிரியாணித் தட்டின் முன்னால்.
அல்லா மேலே இல்லீங்க,
அந்த ரெண்டேகால் மணி நேரத்து மேலே.

கோயம்புத்தூரில் வக்கீல் பூங்கோதைக்கு
ரசீதுகளுக்கு நடுவே ஒரு பழைய டேபிள் ஃபேன்.
"பெத்தது அங்கே, குடியிருக்கறது இங்கே.
இங்கேயே நுகர்வோர் ஆணையத்தில் போடலாம்,
பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம்.
போலீஸ் வழியும் இருக்கு, அது முள்ளு வழி.
ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்."
தேதியைப் பார்த்தாள். விரல் மடக்கினாள்.
அவனுக்கு இரண்டு வயது முடியப் பதினேழு நாள் இருந்தது.

தப்பு நடந்தது என்று இன்னொரு டாக்டர் எழுத வேண்டுமாம்.
நாலு பேரிடம் போனோம்.
நாலு பேரும் அந்தக் கட்டம் வரை படித்தார்கள்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.
ஐந்தாமவர் மங்களூரில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.
கூரியரில் ஒன்றரைப் பக்கம் வந்தது.
கடைசி வரியைப் பூங்கோதை எனக்காகத் தமிழில் வாசித்தாள்:
"கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்."

நோட்டீஸ் போன அந்த வாரம் ஒருவன் வந்தான்.
காரை மேடைமேலேயே நிறுத்தினான்.
மூன்று லட்சம், ஒரே ஒரு கையெழுத்து என்றான்.
திரையில் ஆயிரத்து இருநூற்று நாற்பது, அவனையும் சேர்த்து.
பழக்க தோஷம், சீட்டு அடித்துக் கையில் கொடுத்தேன்.
எடைக்கூலி அறுபது ரூபாய் என்றேன்.

வண்டியில்லாத ஒரு மத்தியானம்
தஸ்லீமை அந்த இரும்பின்மேல் துணி விரித்துப் படுக்கவைத்தேன்.
தூரத்தில் ஹாரன் கேட்டால் சிரிப்பான்,
சிரிப்பு முகத்தின் இடப்பக்கம் முதலில் வரும்.
திரை பூஜ்யத்தில் நின்றது.
பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்கு எதுவும் தெரியாது.
அவன் ஒன்பது.

மனு எழுதும் நாள். "எவ்வளவு கேட்கலாம்?"
பூங்கோதை தாளை என் பக்கம் திருப்பினாள்.
வலிப்பு மருந்து. காலுக்குப் பட்டை, வளர வளரப் புதுசு.
பிசியோவுக்குப் போக வர பஸ்.
நான் விட்டுக்கொடுத்த காலை ஷிப்ட்.
மாதத்துக்கு இவ்வளவு, பெருக்கல் பன்னிரண்டு, பெருக்கல்

அங்கே பேனா நின்றது.
எத்தனை வருஷத்துக்கு என்று கேட்க
அவளுக்கு வாய் வரவில்லை.
ஃபேன் ஒரு முறை முழுதாகத் திரும்பி வந்தது.

எழுபது, என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

போடுங்க.
காலியா விடாதீங்க.