வடக்கு எல்லை

படிவம் மூன்று, பத்தி நான்கு:
பிரிவின் வடக்கு எல்லை யாது?
ஆறு என்று எழுதுகிறேன்.
எனக்கு முன்னிருந்த விதானையாரும் ஆறு என்றுதான் எழுதினார்.
அவருக்கும் முன்னிருந்தவர்
அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில், சரிந்த கையெழுத்தில்,
ஆறு.
அதே ஆறா என்று
எந்தப் படிவமும் கேட்டதில்லை.

மார்கழி வெள்ளத்தில் அது
ஒரே இரவில் எழும்பித் தெற்கே நடந்தது.
உதுமாலெவ்வையின் வெங்காயத் தறையைக் குறுக்கே அறுத்து,
மையவாடி மதிலைத் தொடாமல் சுற்றி,
கண்டல் காட்டுக்குள் வேறொரு வாய் திறந்து
கடலுக்குப் போயிற்று.
விடியப் பார்த்தால்
என் பதினொரு குடும்பங்கள்
அக்கரையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தன.

பிரதேச செயலகம், காணிக்கிளை.
காற்றாடிக்குக் கீழே கல் வைத்த கடதாசிகள்.
எழுதுவினைஞர் தயாநிதி வரைபடத்தை விரித்து
பென்சில் முனையால் நீலக் கோட்டைத் தட்டினார்:
"வர்த்தமானியில ஆறு நகரேல்லைத் தங்கச்சி."
தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.
கோப்பை வைத்த இடத்தில் ஓர் ஈர வட்டம்,
கொட்டியாரக் குடாவைவிடச் சற்றுப் பெரிது.

திருகோணமலைக் கச்சேரிக்கு எழுதினேன்.
மும்மொழியிலும் பதில் வந்தது:
கிடைக்கப்பெற்றோம்.

செவ்வாய் தோறும் வள்ளத்தில் போகிறேன்,
முத்திரையும் மைத்தட்டும் பொலித்தீன் பையில்.
போக ஐம்பது, வர ஐம்பது.
பயணப்படி கேட்டால்
"உம்மட பிரிவுக்குள்ளதானே போறீர்" என்கிறார்கள்.

அக்கரையில்
தெருவிளக்கு அடுத்த சபையுடையது,
அது வெளிச்சம் காட்டும் குழி எங்களுடையது.
யானைவேலி அவர்களின் எல்லைக்கல்லோடு முடிகிறது.
யானை முடிவதில்லை.
செபமாலையின் மூன்று தென்னை சரிந்த காலை
இரண்டு விதானைமாரும் போய் நின்றோம்.
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.
ஆவி பறக்க இலத்தி கிடந்தது,
ஒரு பிரிவிலும் பதியாமல்.

பூரணவதிக்கு வதிவிடச் சான்று வேண்டும்.
மகளைச் சேர்க்க நினைக்கும் பள்ளிக்கூடம்
நடந்தால் பத்து நிமிடம்,
தாளில் அது வேறு வலயம்.
"நிரந்தர முகவரி?" என்று கேட்டேன்,
கேட்டபிறகு நாக்கைக் கடித்தேன்.
அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.
"வீடு இங்கதான் விதானை. கிணறும் இங்கதான்.
முருங்கை கூட ஒரு அடி தள்ளி நிக்கேல்ல.
வந்தது ஆறு.
அதுட்டப் போய் முகவரி கேளுங்கோ."

கையொப்பம் வைத்தேன்.
எந்தச் சுற்றறிக்கையின் கீழ் என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் வரை அவளோடு நடந்தேன்.
வழியில் பழைய ஆறு,
வெறும் மணல், உடைந்த தோணியின் ஒரு பக்கம்,
எருமைக் குளம்படிகளில் காய்ந்த சேறு.
நடுவில் நின்று வரைபடத்தைப் பிரித்தேன்.
அதன்படி என் தலைக்கு மேல்
இரண்டு ஆள் உயரத் தண்ணீர்.
இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு
மூழ்கிய இடத்திலேயே நின்றேன்.

இரு கரைப் பொடியன்களும் அங்கே கிரிக்கெட்.
தோணிப் பலகை விக்கெட்,
கழற்றி வைத்த இரண்டு செருப்பு எல்லை.
தாண்டினால் நாலு.
சண்டை வந்தால்
செருப்பை எட்டி வைக்கிறார்கள்,
அவ்வளவுதான், பிறகு ஆட்டம்.

"மிஸ், எல்லையில நிக்கிறீங்க, தள்ளுங்க"
என்று கத்தினான் மட்டை பிடித்தவன்.

தள்ளினேன்.
எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.