ஒரே எண், இரண்டு முறை

கடலூர் முதுநகர் துறைமுகத்து டீசல் பங்கில்
படகுக்காரர் அட்டையைத் தேய்த்ததும்
ரசீதுக்குக் கையெழுத்துப் போடும் பெட்டி ஒன்று உண்டு.
உள்ளே ஓடும் கணக்கு நான் எழுதியது.

ஒரு வளைகோடு.
அதன்மேல் இரண்டு புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தால்
கோடு இன்னோர் இடத்திலும் வெட்டும்.
வெட்டிய இடத்தை அச்சுக்கு மறுபுறம் கவிழ்த்தால்
அதுதான் கூட்டல்.
ஒரு புள்ளியை அதனோடே
கூட்டிக் கூட்டிப் போய்
நிற்கும் இடத்தை ஊருக்கே சொல்லலாம்.
எத்தனை முறை கூட்டினோம் என்பதைப்
பின்னோக்கி எண்ண
இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை.
அந்த எண்ணிக்கைதான் சாவி.

பகா எண்ணால் வகுத்து
மீதியை மட்டும் வைத்துக்கொண்டால்
வளைவுகூட மிஞ்சாது.
வலை உதறிய தரையில் செதில்கள் மாதிரி
புள்ளிகள், புள்ளிகள்.

இவ்வளவு பத்திரமான இடத்தில்
ஒரு வரியை விட்டுவைத்திருந்தேன்.
ஒவ்வொரு கையெழுத்துக்கும்
புதிதாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்க வேண்டும்.
சோதனைக்கென்று ஒரே எண்ணைக் கொடுத்து
பக்கத்தில் குறித்திருக்கிறேன்:
"அப்புறம் மாத்தணும்."

பதினான்கு மாதம் கழித்து, நேற்றிரவு,
செம்மண்டலத்தில் கரண்ட் போன நேரம்,
மடிக்கணினி வெளிச்சத்தில்
இரண்டு ரசீதுகளின் கையெழுத்தில்
முதல் பாதி அச்சு அசலாக ஒன்று.
மூன்றாவதைத் திறக்கவில்லை.
கழித்தேன், வகுத்தேன்,
மறுபடி கழித்து மறுபடி வகுத்தேன்.
சாவி திரையில் வந்து நின்றது
பூட்டு உடையாமல்
நாய் குரைக்காமல்.

விடியுமுன் போய் ஒயரைப் பிடுங்கினேன்.
சங்கச் செயலாளர் தனஞ்செழியன் ஓடி வந்தார்.
"திருட்டுப் போச்சா?"
"இல்லைங்க."
"பின்ன?"
"போயிருக்கலாம்."
மேலும் கீழும் பார்த்தார்.
பின்னால் வரிசையில் கேன்கள், வசவுகள்,
உப்பனாற்றின் சேற்று வாடை.

கார்பன் தாள் வைத்த பழைய நோட்டு வெளியே வந்தது.
"இந்தக் கலியமூர்த்தி கையெழுத்து
ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது சார்,
ஆடிட்டர் என்னைத்தான் திட்டுவார்"
என்று சலித்தபடி
கணக்கெழுதும் லூர்துமேரி
முந்தின பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள்.
ஒன்றில் 'மூ'வுக்கு நீள வால்.
ஒன்றில் 'ர்' புள்ளியில்லாமல்.
ஒன்று கோட்டைத் தாண்டி
டீசல் கறைக்குள் போய் முடிந்திருந்தது.

எல்லாம் அவர் போட்டதுதான்.
எதுவும் இரண்டு முறை இல்லை.