பன்னிரண்டு கிலோ இழுவை

கணபதியில் கடல் இல்லை.
ராத்திரி பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் போனால்
தூத்துக்குடியில் இருக்கிறது,
வருடத்துக்கு இரண்டு ஞாயிறு எனக்கு.

நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் ரீலைக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
ஆறாயிரத்து நானூறுக்கு ஒன்றை வாங்கி வந்தேன்.

பத்து பேரிங் என்று பெட்டி சொன்னது.
லேத் ஓட்டுகிறவனிடமா?
கழற்றி எண்ணினேன்: ஏழு பேரிங், மூன்று புஷ்.
உள்ளே சின்னப் பல்சக்கரம் அசல் பித்தளை,
அதைக் கண்டதும் கோபம் பாதி இறங்கியது.
ட்ரேக்கில் கம்பளி வளையம். நனைந்தால் வழுக்கும்.
கார்பன் தகட்டில் மூன்று வெட்டிப் போட்டேன்.
உப்பு நுழையும் சந்திலெல்லாம்
பம்ப்செட் கிரீஸை அப்பினேன்.

பாறை மீனுக்குப் பதிலாள் பொங்கியண்ணன்.
அவனுடைய டிவிஎஸ் ஐம்பதின் கேரியரில்
நூல் முனையைக் கட்டினேன்.
"ஏனுங்ணா, நெசமாவே ஓட்டட்டுங்களா?"
"ஓட்றா."

மணி ஒன்பதரை.
ரீல் கத்தியது.
எதிர் வீட்டில் கிரைண்டரை நிறுத்திவிட்டு
ஜன்னலைத் திறந்தார்கள்.
ஒரு நாய் நூலோடு கூடவே ஓடியது.
இன்னும் கால் சுற்று இறுக்கினேன்.
முழங்கை நடுங்க,
சந்து முனையில் வண்டி திணறி அணைந்தது.

சுற்ற ஆரம்பித்தேன்.
பொங்கியண்ணன் இரண்டு காலையும்
தூக்கிக்கொண்டான்.
இருட்டில், பின்பக்கமாக,
முழம் முழமாக வந்தான்.

"உப்புத்தண்ணியில தாங்குமுங்களா?"

தை முடியட்டும், சொல்கிறேன்.